குரங்குக்கு மனச்சோர்வு வருமா? விடை தேடிப் போன ஹாரி ஹார்லோவின் கதை

டாக்டர் எழுதிக் கொடுக்கிற மனச்சோர்வு மாத்திரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க. மருந்துக் கடைக்கு வருவதற்கு முன்னால் அது மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கும். அதற்கும் முன்னால் விலங்குகளிடம் சோதிக்கப்பட்டிருக்கும். சர்க்கரை வியாதிக்கான மருந்து என்றால் பிரச்சினை இல்லை. விலங்கின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் போதும், மருந்து கேட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மனச்சோர்வுக்கு என்ன செய்வது? மனசு சரியில்லை என்று ஒரு எலி சொல்லப்போவதில்லை. குரங்கும் சொல்லாது. அப்படியென்றால் அந்த விலங்குக்கு முதலில் மனச்சோர்வு இருக்கிறது என்று எப்படி முடிவு பண்றாங்க? மருந்துக்குப் பிறகு அது தேறிவிட்டது என்று எதை வைத்துச் சொல்றாங்க?

இந்தக் கேள்விகளோடு சேர்ந்தே பேசப்படும் பெயர் ஹாரி ஹார்லோ. குழந்தைக்குப் பாலைப் போலவே அணைப்பும் அவசியம் என்று உலகத்துக்குக் காட்டிய அமெரிக்க உளவியலாளர். குட்டிக் குரங்குகளைத் தனிமையில் அடைத்து மனச்சோர்வை வரவழைத்தவரும் அவர்தான். நடுவில் அவரே மனச்சோர்வில் விழுந்து சிகிச்சைக்குப் போய் வந்தார். அவர் இறந்து 40 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் செய்தது சரியா தப்பா என்ற விவாதம் இன்னும் முடியலை.

யார் இந்த ஹார்லோ?

1905 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஃபேர்ஃபீல்டு என்ற சின்ன ஊரில் பிறந்தார். நான்கு சகோதரர்களில் ஒருவர். பிறந்தபோது அவர் பெயர் ஹாரி இஸ்ரேல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முதலில் ஆங்கில இலக்கியம் படிக்கத்தான் சேர்ந்தார். அது சரிப்பட்டு வராமல் உளவியலுக்கு மாறினார்.

1930ல் முனைவர் பட்டம் கிடைக்கும் நேரத்தில் ஒரு சிக்கல் வந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யூதர்களுக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஹாரியின் குடும்பம் யூதக் குடும்பம் இல்லை. ஆனாலும் இஸ்ரேல் என்ற பெயரைப் பார்த்தே கதவை மூடிவிடுவார்கள் என்று அவருடைய பேராசிரியர் லூயிஸ் டெர்மன் நினைத்தார். நுண்ணறிவுச் சோதனைகளுக்குப் பெயர் போனவர் இவர். அவர் பேச்சைக் கேட்டு, தன் அப்பாவின் பெயரில் நடுவில் இருந்த ஹார்லோ என்பதையே தன் குடும்பப் பெயராக ஆக்கிக்கொண்டார் ஹாரி. அதே வருஷம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. மேடிசன் நகரம்.

எலி இல்லை, குரங்கு இருந்தது

அன்றைய உளவியல் என்றால் எலிதான். எலியைப் பாதை தேட விடுவது, சரியாகப் போனால் தீனி கொடுப்பது, அதை எண்ணி எழுதுவது. ஹார்லோவும் எலிகளோடு வேலை பார்க்கும் எண்ணத்தில்தான் மேடிசன் போனார். போய்ப் பார்த்தால் பல்கலைக்கழகத்தின் எலி ஆய்வுக்கூடத்தை இடித்துவிட்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் ஊரில் இருந்த வைலஸ் பூங்கா மிருகக்காட்சி சாலைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே இருந்த குரங்குகளுக்குப் புதிர் கொடுத்துப் பார்த்தார். எலியிடம் பார்க்க முடியாத அளவு புத்திசாலித்தனத்தை அவற்றிடம் பார்த்தார். கொஞ்ச காலத்தில் பல்கலைக்கழகத்திடம் போராடி ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, மாணவர்களை வைத்தே அதைச் செப்பனிட்டு, குரங்கு ஆய்வகம் ஆக்கிவிட்டார்.

1949ல் அவர் வெளியிட்ட ஆய்வு அவரைப் பிரபலமாக்கியது. ஒரே மாதிரியான புதிர்களைத் தொடர்ந்து கொடுத்தால், குரங்கு ஒவ்வொன்றையும் முதலிலிருந்து தட்டித் தடவிக் கற்பதில்லை. எப்படிக் கற்பது என்பதையே கற்றுக்கொள்கிறது. இதைத்தான் அந்த ஆய்வு காட்டியது. குரங்கு யோசிக்கிறது என்று காட்டியவர், அது உணர்கிறது என்று காட்டும் இடத்துக்கு அடுத்ததாக வந்து சேர்ந்தார். அதற்கு மறைமுகமாகக் காரணமாக இருந்தது இந்தியா.

இந்தியாவிலிருந்து கப்பலேறிய குரங்குகள்

வட இந்தியாவில் கோயில், ரயில் நிலையம் என்று எங்கும் திரிகிற குரங்குதான் ரீசஸ் குரங்கு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உலக மருத்துவ ஆராய்ச்சியே இந்தக் குரங்கை நம்பித்தான் இருந்தது. போலியோ தடுப்பூசிக்காக மட்டுமே வருஷா வருஷம் ஏராளமான குரங்குகள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகின. வழியிலேயே பல செத்தன. போய்ச் சேர்ந்தவற்றில் பலவும் நோயோடுதான் சேர்ந்தன.

நோயோடு வருகிற குரங்கை வைத்து எந்த ஆய்வையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. அதனால் 1950களின் நடுவில் ஹார்லோ தன் ஆய்வகத்திலேயே குரங்குகளை இனப்பெருக்கம் செய்ய ஆரம்பித்தார். நோய் தொற்றக் கூடாது என்று, பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் வைத்து, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். குட்டிகள் நன்றாக எடை போட்டன. நோய் நொடி இல்லை. ஆனா ஏதோ சரியில்லை. அவை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன, விரல் சூப்பின, உடம்பை ஆட்டிக்கொண்டே இருந்தன. கூண்டின் தரையில் விரித்திருந்த துணியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டன. சுத்தம் பண்ண அந்தத் துணியை எடுத்தால் அலறின.

வேறொருவர் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஹார்லோ அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டார்.

பாலா, அணைப்பா?

அன்றைய நிபுணர்கள் குழந்தையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்ததன் அருமை புரியும். நடத்தையியலின் தந்தை எனப்படும் ஜான் வாட்சன், குழந்தை வளர்ப்பு பற்றி 1928ல் எழுதிய புத்தகத்தில், குழந்தையைக் கொஞ்சக் கூடாது, மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பெற்றோருக்குப் புத்தி சொன்னார். குழந்தை அம்மாவை ஒட்டிக்கொள்வது பாலுக்காகத்தான், பால் யார் கொடுத்தாலும் அவரோடு ஒட்டிக்கொள்ளும் என்பதே பொதுவான கருத்து. ஆஸ்பத்திரிகளில் குழந்தை நோயாளிகளைப் பெற்றோர் பார்ப்பதற்குக்கூடக் கட்டுப்பாடு இருந்தது.

ஹார்லோ இரண்டு பொம்மை அம்மாக்களைச் செய்தார். ஒன்று வெறும் கம்பி வலை. இன்னொன்றின் மேல் மெத்தென்ற துணி சுற்றியிருந்தது. சில குட்டிகளுக்குக் கம்பி அம்மாவிடம்தான் பால் புட்டி. குட்டிகள் என்ன செய்தன தெரியுமா? பசிக்கும்போது கம்பி அம்மாவிடம் போய்ப் பாலைக் குடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் துணி அம்மாவையே கட்டிக்கொண்டு கிடந்தன. பயமுறுத்தும் பொம்மையைக் கூண்டில் விட்டால் ஓடிப்போய்த் துணி அம்மாவிடம்தான் ஒளிந்தன. கொஞ்ச நேரத்தில் தைரியம் வந்து, அங்கிருந்தே அந்தப் பொம்மையை எட்டிப் பார்த்தன.

1958ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரையின் பொருளே அன்புதான். ஒரு விஞ்ஞானி அன்பு என்ற சொல்லை மேடையில் பயன்படுத்துவதே அப்போது துணிச்சல். லண்டனில் தாய்-சேய் பிணைப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பிக்கு இந்த ஆய்வுகள் பெரிய பலம் ஆயின. ஆஸ்பத்திரியில் குழந்தையோடு பெற்றோர் இருக்கலாம், அநாதை இல்லங்களில் சோறு போட்டால் மட்டும் போதாது என்ற மாற்றங்களுக்குப் பின்னால் இந்த இருவரின் வேலையும் இருக்கிறது. 1967ல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கமும் ஹார்லோவுக்குக் கிடைத்தது.

தனிமை என்ன செய்யும்?

அன்பு இவ்வளவு முக்கியம் என்றால், அது இல்லாமலே போனால் என்ன ஆகும்? ஹார்லோ அடுத்துப் போன திசை இதுதான். இங்கிருந்துதான் கதை கசக்க ஆரம்பிக்கிறது.

பிறந்த குட்டிகளை யாரையும் பார்க்க முடியாத அறைகளில் வைத்தார்கள். சிலவற்றை 3 மாதம், சிலவற்றை 6 மாதம், சிலவற்றை ஒரு வருஷம். 3 மாதம் இருந்தவை வெளியே வந்ததும் அதிர்ச்சியில் உறைந்தன. ஒன்று சாப்பிடாமலே செத்துப்போனது. மற்றவை மெல்ல மெல்லத் தேறின. 6 மாதம் இருந்தவற்றுக்கு மற்ற குரங்குகளோடு பழகவே தெரியலை. ஒரு வருஷம் இருந்தவை விளையாடவும் இல்லை, தற்காத்துக்கொள்ளவும் இல்லை. 1965ல் இந்த முடிவுகள் வெளியாகின.

தனிமையில் வளர்ந்த பெண் குரங்குகளைக் கட்டாயமாகக் கருத்தரிக்க வைத்தபோது இன்னும் மோசம். பல தாய்கள் குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில, குட்டியைக் கடித்தன. சில, கொன்றுவிட்டன. அடி வாங்கிய குட்டிகளோ திரும்பத் திரும்ப அந்தத் தாயிடமே போய் ஒட்டிக்கொண்டன. வீட்டில் வதைபடும் குழந்தைகள் ஏன் பெற்றோரை விட்டு விலகுவதில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு விடையாகத் தெரிந்தது. இந்த விடைக்கு இவ்வளவு விலையா என்று கேட்டவர்களும் உண்டு.

ஆய்வாளரே நோயாளி ஆனார்

அன்பைப் பற்றி உலகத்துக்குப் பேசியவரின் சொந்த வீடு அவ்வளவு சுமுகமாக இல்லை. முதல் மனைவி கிளாரா மியர்ஸ் நல்ல படிப்பாளி, உளவியல் மாணவி. 1932ல் கல்யாணம். கணவனும் மனைவியும் ஒரே துறையில் வேலை பார்க்கக் கூடாது என்ற பல்கலைக்கழக விதியால் கிளாராவின் முனைவர் படிப்பு பாதியில் நின்றது. ஹார்லோவின் நேரமெல்லாம் ஆய்வகத்துக்கே போனது. 1946ல் விவாகரத்து. இரண்டு மகன்கள் அம்மாவோடு போனார்கள். 1948ல் இன்னொரு உளவியலாளரான மார்கரெட் குவினியை மணந்தார். அதே விதி மார்கரெட்டின் வேலையையும் பாதித்தது.

1967ல் மார்கரெட்டுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. ஹார்லோ ஏற்கெனவே குடிப்பவர், ஓயாமல் உழைப்பவர். இந்தச் சமயத்தில் அவர் உடைந்துபோனார். 1968ல் மினசோட்டாவில் உள்ள மேயோ மருத்துவமனையில் சேர்ந்து, கடுமையான மனச்சோர்வுக்கு மின் அதிர்வு சிகிச்சை எடுத்துக்கொண்டார். நம்ம ஊர்ப் பேச்சில் ஷாக் ட்ரீட்மென்ட். திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். ஆனால் பழைய ஹார்லோ திரும்பி வரவில்லை என்று உடனிருந்தவர்கள் நினைத்தார்கள். 1971ல் மார்கரெட் இறந்தார்.

மேயோவிலிருந்து திரும்பிய ஹார்லோ கையில் எடுத்த முக்கியமான ஆராய்ச்சி, மனச்சோர்வு.

விலங்கின் மனச்சோர்வை எப்படி அடையாளம் காண்பது?

ஹார்லோவுக்கு இதில் இரண்டு பேர் துணை. ஒருவர் அவருடைய மாணவர் ஸ்டீஃபன் சுவோமி. இன்னொருவர் மனநல மருத்துவர் வில்லியம் மெக்கின்னி.

மெக்கின்னியும் அவருடைய சகா வில்லியம் பன்னியும் 1969ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலங்கிடம் மனச்சோர்வு போன்ற நிலையை உண்டாக்கினால், அதை எப்போது மனித நோய்க்கு மாதிரியாக ஏற்றுக்கொள்ளலாம் என்று அளவுகோல் வகுத்த கட்டுரை அது. எளிமையாகச் சொன்னால் நாலு விஷயம்.

ஒன்று, அறிகுறிகள் மனித நோயை ஒத்திருக்க வேண்டும். இரண்டு, அந்த மாற்றங்களை வெவ்வேறு ஆட்கள் பார்த்தாலும் ஒரே மாதிரி அளக்க முடிய வேண்டும். மூன்று, மனிதர்களுக்கு எதனால் வருகிறதோ அதைப் போன்ற காரணத்தால் விலங்குக்கும் வர வேண்டும். நான்கு, மனிதர்களுக்குக் கேட்கிற சிகிச்சை விலங்குக்கும் கேட்க வேண்டும்.

நாலாவதைக் கொஞ்சம் கவனியுங்க. மருந்துச் சோதனையின் மொத்த அடிப்படையும் அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே மனிதர்களிடம் வேலை செய்கிற மருந்தைக் கொடுத்து விலங்கு தேறினால், அந்தச் சோதனை நம்பத் தகுந்தது. அதற்கப்புறம் புது மருந்தை அதே விலங்கிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

குற்ற உணர்ச்சி, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் இதெல்லாம் குரங்குக்கு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பார்க்க முடிவது வேறு. விளையாடாமல் இருப்பது, மூலையில் சுருண்டு கிடப்பது, தன்னையே கட்டிக்கொள்வது, சுற்றி என்ன நடந்தாலும் திரும்பாமல் இருப்பது. ஆய்வாளர்கள் எண்ணியது இவற்றைத்தான்.

எஃகுக் கிணறு

ஹார்லோவும் சுவோமியும் துருப்பிடிக்காத எஃகில் ஒரு கருவி செய்தார்கள். மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகல். சுவர்கள் வழுவழுவென்று சரிந்திருக்கும். உள்ளே சாப்பாடு உண்டு, தண்ணீர் உண்டு. ஏறி வர மட்டும் முடியாது. முதல் ஓரிரு நாள் குரங்கு ஏற முயலும். வழுக்கி விழும். அப்புறம் முயற்சியை விட்டுவிட்டு அடியில் சுருண்டு உட்கார்ந்துவிடும். ஆறேழு வாரம் வரை இப்படி வைத்திருந்த குட்டிகள், வெளியே வந்து பல மாதம் ஆன பிறகும் விளையாடவில்லை.

மனச்சோர்வில் இருப்பவர் ஆழமான கிணற்றில் கிடப்பதுபோல உணர்கிறார், அதையே கருவியாகச் செய்தால் என்ன என்பதுதான் ஹார்லோவின் யோசனை. அதற்கு நம்பிக்கை இழந்தவர்களின் பள்ளம் என்று பொருள்படும் பெயரையும் வைத்தார். மழுப்பலான சொற்களால் மூடி மறைப்பது அவருக்குப் பிடிக்காது. கேட்பவர் முகம் சுளிக்கும் பெயர்களை வேண்டுமென்றே வைப்பார். அவருடைய சகாக்களே சங்கடப்பட்டார்கள்.

இந்தக் கருவிக்கு அறிவியல் ரீதியாகவும் ஒரு குறை உண்டு. மெக்கின்னியின் மூன்றாவது அளவுகோலை நினைத்துப் பாருங்க. மனிதர்கள் யாரும் எஃகுத் தொட்டியில் அடைபட்டு மனச்சோர்வு அடைவதில்லை. பிரிவு, இழப்பு, உறவு முறிவு இவைதான் அதிகம். அதனால் மருந்துச் சோதனைக்குப் பிரிவை அடிப்படையாகக் கொண்ட முறையே கைகொடுத்தது.

அதற்கான அடித்தளத்தை ஹார்லோ 1962லேயே போட்டிருந்தார். தாயிடமிருந்து பிரித்த குட்டி முதலில் கத்திக் கூப்பாடு போடும், அங்குமிங்கும் ஓடும். அப்புறம் அடங்கி, சோர்ந்து, சுருண்டுவிடும். ஆஸ்பத்திரியில் விடப்பட்ட மனிதக் குழந்தைகளிடம் பௌல்பி பார்த்த அதே இரண்டு கட்டங்கள். சேர்ந்து வளர்ந்த குட்டிகளை ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்தாலும் இதேதான். 1970ல் வெளியான ஓர் ஆய்வில், நாலு நாள் பிரிப்பது, பிறகு சேர்ப்பது என்று 20 தடவை செய்தார்கள். 9 மாதம் ஆன பிறகும் அந்தக் குட்டிகள் 3 மாதக் குட்டிகளைப் போலவே நடந்துகொண்டன. வளர்ச்சியே நின்றுவிட்டது மாதிரி.

மருந்து வேலை செய்ததா?

இந்த இடத்தில் மருந்துகளின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் 1950களில் தற்செயலாகக் கிடைத்தவை. இமிப்ரமின் என்ற மருந்தை முதலில் வேறு மனநோய்க்காகத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். அது மனச்சோர்வுக்குக் கேட்கிறது என்று சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் கண்டுபிடித்து 1957ல் எழுதினார். காசநோய் மருந்தான இப்ரோனியசிட் சாப்பிட்டவர்கள் உற்சாகமானதைப் பார்த்து இன்னொரு வகை மருந்து வந்தது. இரண்டிலும் உண்மை தெரிந்தது மனிதர்களைப் பார்த்துத்தான்.

அடுத்த மருந்துகளைத் தேட ஒரு சோதனை தேவைப்பட்டது. அதற்கு உதவியது நமக்குத் தெரிந்த மூலிகை, சர்ப்பகந்தி. அதிலிருந்து எடுத்த ரெசர்பின் ரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்து. ஆனால் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் சோர்ந்துபோனதாக மருத்துவர்கள் எழுதினார்கள். எலிக்குக் கொடுத்தால் அது கூனிக் குறுகி, இமை சரிந்து, அசையாமல் கிடக்கும். இமிப்ரமின் கொடுத்தால் அந்த நிலை மாறும். இதுவே ஆரம்பகால மருந்துச் சோதனையாக ஆனது. 1971ல் மெக்கின்னி, ஹார்லோ குழு ரீசஸ் குரங்குகளுக்கும் ரெசர்பின் கொடுத்துப் பார்த்தது. அவையும் நடமாட்டம் குறைந்து சுருண்டுகொண்டன.

ஆனால் ரெசர்பின் சோதனையில் ஒரு ரசாயனம் கெடுத்ததை இன்னொரு ரசாயனம் சரிசெய்கிறது, அவ்வளவுதான். பிரிவால் சோர்ந்த குரங்குக்கு மருந்து கேட்குமா என்பதுதான் உண்மையான கேள்வி. சுவோமி, மெக்கின்னி குழு அதைச் செய்து 1978ல் வெளியிட்டது. திரும்பத் திரும்பப் பிரிக்கப்பட்ட இளம் குரங்குகளில் சிலவற்றுக்கு இமிப்ரமின், மற்றவற்றுக்குப் போலி மருந்து. இமிப்ரமின் பெற்றவை தேறின. உடனே இல்லை, மெல்ல மெல்ல. மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இது புரியும். மனிதர்களிடமும் அந்த மருந்து முழுதாக வேலை செய்யச் சில வாரம் ஆகும்.

மருந்து மட்டும்தான் வழியா என்றும் பார்த்தார்கள். 6 மாதம் தனிமையில் இருந்த குரங்குகளைச் சம வயதுக் குரங்குகளோடு விட்டபோது அவை மிரண்டு ஒடுங்கின. அதனால் வயதில் சின்ன, 3 மாதக் குட்டிகளைக் கூட விட்டார்கள். அந்த வயதுக் குட்டிக்குச் சண்டை தெரியாது, ஒட்டிக்கொள்ளத்தான் தெரியும். மூலையில் கிடந்த குரங்கை அது போய்க் கட்டிக்கொண்டது. விளையாட இழுத்தது. சில மாதங்களில் அந்தத் தனிமைக் குரங்கு கிட்டத்தட்ட மற்ற குரங்குகளைப் போலவே பழக ஆரம்பித்தது. 1972ல் சுவோமியும் ஹார்லோவும் இதை வெளியிட்டார்கள். தனிமை உண்டாக்கிய சேதம் நிரந்தரம் என்று ஹார்லோவே முன்பு நினைத்திருந்தார். அது தவறு என்று அவருடைய ஆய்வகமே காட்டியது.

நம்ம ஊர்க் குரங்கு சொன்ன பாடம்

அதே காலத்தில் நியூயார்க்கில் சார்லஸ் காஃப்மன், லியனார்டு ரோசன்ப்ளம் என்ற இருவர் வேறு இரண்டு குரங்கு இனங்களில் இதே பிரிவுச் சோதனையைச் செய்தார்கள். ஒன்று, தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்கு. தாயைப் பிரித்ததும் அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை சோர்ந்து சுருண்டன.

இன்னொன்று, தலையில் குல்லா வைத்ததுபோல முடி வளர்ந்திருக்கும் குரங்கு. தமிழ்நாட்டில் மலைக்கோயில் படிகளில் நம் கையிலிருந்து தேங்காய் மூடியைப் பிடுங்குகிற அதே நாட்டுக்குரங்குதான். அதன் குட்டிகள் முதலில் பதறினாலும் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகவில்லை. காரணம், அந்தக் கூட்டத்தில் இருந்த மற்ற பெண் குரங்குகள் குட்டியைத் தூக்கிவைத்துக்கொண்டன. இந்த இனத்தில் ஒரு குட்டிக்குச் சித்தி, பெரியம்மா நிறைய.

பிரிவு மட்டுமே மனச்சோர்வைக் கொண்டுவருவதில்லை. பிரிவுக்குப் பிறகு பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு பண்ணுகிறது. ஒரு இனத்தில் பார்த்ததை அப்படியே இன்னொரு இனத்துக்குச் சொல்லிவிட முடியாது என்பது இதிலிருந்து கிடைத்த இன்னொரு பாடம். குரங்குக்கும் குரங்குக்குமே இவ்வளவு வித்தியாசம் என்றால், எலிக்கும் மனிதருக்கும்?

ஹார்லோவுக்குப் பிறகு என்ன ஆனது?

குரங்குச் சோதனைக்குச் செலவு அதிகம், மாதக்கணக்கில் நேரம் பிடிக்கும். இந்தியாவும் 1978ல் ரீசஸ் குரங்கு ஏற்றுமதியை முழுதாகத் தடை செய்துவிட்டது. மருந்து கம்பெனிகளுக்கு வேண்டியது சீக்கிரம் முடிகிற சோதனை.

1977ல் பிரான்சில் ரோஜர் போர்சோல்ட் அதைக் கொடுத்தார். எலியைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடி உருளையில் விடுவார்கள். வெளியேற வழியில்லை. முதலில் நீந்தும், அப்புறம் அசையாமல் மிதக்கும். மனச்சோர்வு மருந்து கொடுத்த எலி அதிக நேரம் நீந்தும். நிமிடக் கணக்கில் முடிவு. உலகம் முழுக்க இந்தச் சோதனை பரவியது.

ஆனால் இதை மெக்கின்னியின் அளவுகோலில் வைத்துப் பாருங்க. எலி மிதப்பது நம்பிக்கை இழந்ததாலா, சக்தியை மிச்சப்படுத்தும் புத்திசாலித்தனத்தாலா? மனிதர்களுக்கு வாரக்கணக்கில் எடுக்கும் மருந்து, இங்கே ஒரே நாளில் வேலை செய்வது எப்படி? கேள்விகள் கூடிக்கொண்டே போய், இன்று பல பெரிய மருந்து கம்பெனிகள் இந்தச் சோதனையைக் கைவிட்டுவிட்டன.

விலங்கிடம் வேலை செய்தது மனிதரிடம் தோற்ற கதையும் உண்டு. தாயைப் பிரிந்த கினிப்பன்றிக் குட்டிகள் கத்துவதை ஒரு புது வகை மருந்து குறைத்தது. 1998ல் மனிதர்களிடம் நடந்த முதல் சோதனையும் நம்பிக்கை தந்தது. பெரிய அளவில் சோதித்தபோது போலி மாத்திரையைத் தாண்டி அது ஒன்றும் செய்யவில்லை. அப்ரெபிடன்ட் என்ற அந்த மருந்து இன்று கீமோதெரபி எடுப்பவர்களின் வாந்தியைத் தடுக்கப் பயன்படுகிறது.

கடைசி வருஷங்களும் தீராத கேள்வியும்

மார்கரெட் இறந்த பிறகு, 1972ல் ஹார்லோ தன் முதல் மனைவி கிளாராவையே மறுபடியும் மணந்தார். 1974ல் மேடிசனை விட்டு அரிசோனா மாநிலத்தின் டூசான் நகருக்குக் குடிபெயர்ந்தார். பார்க்கின்சன் நோய் அவரை மெல்ல முடக்கியது. 1981 டிசம்பர் 6 அன்று, 76 வயதில் இறந்தார்.

அதற்கு முன்பே அவர் மீது விமர்சனம் குவிய ஆரம்பித்திருந்தது. விலங்கு உரிமை இயக்கத்துக்கு அடித்தளம் போட்டதாகச் சொல்லப்படும் பீட்டர் சிங்கரின் புத்தகம் 1975ல் வந்தபோது, அதில் ஹார்லோவின் சோதனைகள் முக்கிய உதாரணமாக இருந்தன. அவருடைய ஆய்வகத்தில் படித்த ஜான் க்ளக், பின்னாளில் விலங்கு ஆய்வை விட்டுவிட்டு அதன் அறத்தைப் பற்றி எழுதுபவராக மாறினார். எஃகுக் கிணற்றில் குட்டிகளை வைத்துத்தான் தனிமை கொடியது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா, அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பது விமர்சகர்களின் கேள்வி.

எதிர்வாதமும் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருந்தால், 1950களில் ஆஸ்பத்திரிகள் ஏன் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தன? நிபுணர்கள் ஏன் கொஞ்சாதீர்கள் என்றார்கள்? துணி அம்மா சோதனை இல்லையென்றால் அந்த எண்ணம் மாற இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? இந்த வாதம் துணி அம்மாவுக்குப் பொருந்துகிறது. எஃகுக் கிணற்றுக்குப் பொருந்துமா என்றால் சொல்வது கஷ்டம். அதிலிருந்து எந்த மருந்தும் வரவில்லை.

மனச்சோர்வு ஆய்வின் மிகப் பெரிய சங்கடத்தை ஹார்லோவின் வாழ்க்கை நம் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. விலங்கு நம்மைப் போலவே துக்கப்படுகிறது என்றால்தான் அதில் செய்யும் சோதனைக்கு அர்த்தம் உண்டு. நம்மைப் போலவே துக்கப்படுகிறது என்று தெரிந்த பிறகு அந்தச் சோதனையைச் செய்வது எப்படி? இதிலிருந்து தப்பிக்கத்தான் இன்று ஆய்வாளர்கள் மூளை ஸ்கேன், மரபணு, நோயாளிகளே சம்மதித்துப் பங்கேற்கும் ஆய்வு என்று வேறு வழிகளையும் தேடுகிறார்கள். எலிகளும் இன்னும் ஆய்வகங்களை விட்டுப் போகவில்லை.

மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் இருக்கிறது. மருந்து மெல்லத்தான் கேட்கும், அதனால் நாலு நாளில் பலன் இல்லையே என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடக் கூடாது. மருந்து வேலை செய்கிற அந்த வாரங்களில், பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான். மூலையில் கிடந்த குரங்கைத் தேற்றிய அந்த 3 மாதக் குட்டிக்கு வேறெதுவும் தெரியாது. அது போய் ஒட்டிக்கொண்டது, விலக்கினாலும் திரும்ப வந்தது.